நான்காம் தருணம்

ஆண்கள் வார்டில்
முப்பத்தெட்டுக் கட்டில், தரையில் ஆறு பாய்.
கை கழுவும் தொட்டி ஒன்றே ஒன்று,
மருந்து டிராலிக்குப் பின்னால்.
டிராலியை நகர்த்தினால் ஸ்டாஃப் திட்டுவார்,
நகர்த்தாவிட்டால் டியூட்டர்.

தொட்டிக்கு மேலே சுவரில் ஒரு படம்.
யாருடையவை என்று தெரியாத இரண்டு வெளுத்த கைகள்
ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டே இருக்கின்றன.
அவற்றுக்கு எந்நேரமும் தண்ணீர் வருகிறது.

தேர்வில் எழுதியிருந்தேன், தருணங்கள் ஐந்து:
நோயாளியைத் தொடும் முன்,
ஊசிக்கும் புண்ணுக்கும் முன்,
ரத்தமோ சிறுநீரோ பட்ட பின்,
நோயாளியைத் தொட்ட பின்,
அவர் கட்டிலைத் தொட்ட பின்.
பத்துக்குப் பத்து.

காலை ஏழரைக்குக் கணக்கு வேறு.
நாலு மாணவிகள், ஆளுக்குப் பதினோரு பேர்.
ஒருவருக்கு இரண்டு முறை, முறைக்கு ஒரு நிமிடம்,
தொட்டிவரை நடை தனி.
எட்டு மணிக்கு ரவுண்ட்ஸ்.

கால்மாட்டில் தொங்கும் ஹேண்ட்ரப் புட்டி
அழுத்தினால் மூச்சு விடும், அவ்வளவுதான்.
இண்டென்ட் போட்டாயிற்று, வியாழக்கிழமை வரும் என்றார்கள்.
எந்த வியாழன் என்று சொல்லவில்லை.

மே மாதம்.
பஸ் பாலாற்றுப் பாலம் தாண்டும்போது
ஜன்னலோரம் மணல்தான் பறக்கிறது.
வார்டுக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்.
மற்ற நாள் வாளியும் மக்கும்.
ஒரு கையில் மக் பிடித்தால்
இரண்டு கையையும் எப்படித் தேய்ப்பது?
கை கழுவ மூன்று கை வேண்டும்.

நஸ்ரின் விரலிடுக்கெல்லாம் வெடிப்பு.
மெஸ்ஸில் எலுமிச்சை சாதத்தைப் பிசைந்ததும்
கண்ணில் நீர் வந்துவிட்டது.
"காரமாடி?" என்று கேட்டோம்.
அப்புறம் அவள் கரண்டி எடுத்துவந்தாள்.

"கல்யாணத்துக்கு மருதாணி வெக்கிற மாதிரி தேய்ச்சிட்டு நிக்காத,
அஞ்சாம் பெட் டிரிப் முடிஞ்சிபோச்சு பாரு."
ஸ்டாஃப் கெட்டவர் இல்லை.
நேற்று இரவும் அவர்தான் டியூட்டி.

அன்றைக்குத் தண்ணீர் வந்தது.
ஆகவே எல்லாம் முறைப்படி செய்தேன்.
பதினேழாம் கட்டில், முனிரத்தினம்,
ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஆலை,
இருபத்தாறு வருடம் சுண்ணாம்புத் தொட்டி.
நாடி பார்த்தேன்.
அவர் கையிலும் அதே வெடிப்பு,
எனக்கு ஸ்பிரிட்டால், அவருக்குச் சுண்ணாம்பால்.
எண்பத்திரண்டு என்று குறித்துவிட்டு
நேரே தொட்டிக்குப் போனேன்.

அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.
திரும்பி வந்ததும் மெதுவாகக் கேட்டார்:
"எங்க ஊர் மளிகக் கடையில
நான் குடுத்த காசுமேல தண்ணி தெளிச்சிதான் எடுப்பான், பாப்பா.
நீ கையவே கழுவினு வந்துட்ட."

அதற்கு விடை
நான் படித்த எந்தப் பாடத்திலும் இல்லை.
கிருமி என்றேன். அடுத்த பெட்டுக்காக என்றேன்.
எல்லாருக்கும் இப்படித்தான், ஐயா.
அவர் தலையாட்டினார்,
கடைக்காரனிடமும் அப்படித்தான் ஆட்டியிருப்பார்.
துடைக்கத் துண்டு இல்லை.
என் முழங்கையிலிருந்து தண்ணீர்
அவர் போர்வைமேல் சொட்டியது.

பன்னிரண்டு மணிக்கு அவருக்கு பிபி.
முதலில் கழுவினேன், அவர் பார்க்கும்படி.
"இது யாருக்கு?" என்றார்.
"உங்களுக்கு."
கொஞ்சம் சிரித்தார், பல்லில் புகையிலைக் கறை.
கையை நீட்டினார், பட்டையைச் சுற்றினேன், அவிழ்த்தேன்.

கழுவவில்லை.
அவர் கண்முன்னே, கழுவாமல்,
பதினெட்டாம் கட்டில் சர்க்கரைப் புண்காரரின்
தலையணையைச் சரிசெய்தேன்.

தூண் ஓரம் அட்டையோடு நின்ற ஆடிட் அக்கா
ஒரு பெருக்கல் குறி போட்டாள்.
காரணம் எழுத அந்தத் தாளில் கட்டம் இல்லை.

இரவு பதினெட்டுக்குக் காய்ச்சல், நூற்றிரண்டு.
காலையில் நஸ்ரின்தான் சொன்னாள்.
என்னால் இருக்காது.
நாற்பத்துநாலு பேர், எத்தனையோ கைகள்,
தூக்குவாளியோடு வந்து போகிற சொந்தக்காரர்கள்.
புண்ணை நான் தொடவே இல்லை.
தலையணையைத்தான்.
என்னால் இருக்காது.